மாருதி 800-க்குச் சில்லறை சாமான்: ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்

பழைய மாருதி 800-க்கு ஹெட் கேஸ்கட் வேண்டும் என்றால் சென்னை ஜி.பி. ரோட்டில் நுழைந்த முதல் இரண்டு மூன்று கடைக்குள் கிடைத்துவிடும். அதே வண்டியில் கண்ணாடி சுற்றும் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் கம்பி கிளிப் வேண்டும் என்றால் அரை நாள் ஓடிவிடும். பெரிய சாமானுக்குத் தட்டுப்பாடே இல்லை. விரல் நுனி அளவு சாமானுக்குத்தான் இந்த அலைச்சல் எல்லாம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். ரப்பர் எதுவானாலும் புதுசு, அதை ஜி.பி. ரோட்டில் வாங்குங்கள். பிளாஸ்டிக், தகடு, பூட்டு, ஸ்விட்ச் போன்றவற்றுக்கு லோக்கல் புதுசைவிடப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து கழட்டி வைத்திருக்கும் ஒரிஜினல் மேல். பிரேக் சாமான் மட்டும் கழட்டினது வேண்டவே வேண்டாம், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. இரண்டு இடத்திலும் கையில் பழைய சாமான் இல்லாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

என்ஜின் சாமான் இவ்வளவு லேசாகக் கிடைப்பதற்குக் காரணம் 800 இல்லை, ஆம்னி வேன். 800 முதலில் ரோட்டுக்கு வந்தது 1983 டிசம்பர். 1986-ல் உருவம் மாறியது, 1997-ல் முகம் மாறியது, 2000 வாக்கில் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனையை நிறுத்தினார்கள், 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. ஆனால் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் ஆம்னியில் 2019 வரை வந்துகொண்டிருந்தது. அதனால் கேஸ்கட், வாட்டர் பம்ப், பெட்ரோல் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு மூடி, டிக்கி பூட்டு இதெல்லாம் 800-க்கு மட்டுமே உரியவை. அவற்றில் ஒரிஜினல் வேண்டுமானால் இன்னொரு 800 உடைக்கப்பட வேண்டும். சென்னையில் பதிவான 800 எல்லாமே இப்போது 15 வயதைத் தாண்டியவை. புதுப்பேட்டைக்கு வரத்து இருப்பதும் அதனால்தான்.

கடையில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். சாமான் கடைக்காரர்களுக்கு 800 என்பது ‘மாருதி கார்’, ஆம்னி என்பது ‘மாருதி வேன்’. “மாருதிக்கு கிளட்ச் கேபிள்” என்று கேட்டால் “காரா வேனா?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். இரண்டுக்கும் நீளம் வேறு. அடுத்த கேள்வி “டைப் ஒன்னா, டைப் டூவா?” 1997 முகமாற்றத்துக்கு முந்தையது டைப் 1, பிந்தையது டைப் 2 என்பது பொதுவான வழக்கு. சிலர் ஓல்டு மாடல், நியூ மாடல் என்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருஷத்தை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள். இத்தனை வருஷத்தில் யாராவது முன்பக்கத்தை மாற்றியிருக்கலாம், என்ஜினையே மாற்றியிருக்கலாம். கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ.யா, நாலு கியரா ஐந்து கியரா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பார்ட் நம்பர் தெரிந்தால் இந்தக் கேள்வியெல்லாம் மிச்சம். சுசுகி நம்பரில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும். பின்னால் வரும் ஐந்து எந்த மாடல் அல்லது எந்த அளவு என்று சொல்லும். மாருதி நம்பரில் நடுவே ஒரு ‘எம்’ எழுத்து வரும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். 09 என்று ஆரம்பிப்பதுதான் நமக்கு முக்கியம். அது ஒரு மாடலுக்கென்று செய்த சாமான் இல்லை, பல வண்டிக்கும் வரும் பொதுச் சாமான். 09283 ஆயில் சீல், 09280 ஓ-ரிங், 09168 வாஷர், 09409 டிரிம் கிளிப். சீலிலும் வாஷரிலும் அதற்கடுத்த இரண்டு இலக்கமே உள் விட்டம். 09168-க்குப் பிறகு 14 என்று வந்தால் 14 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள வாஷர், அதாவது ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கு வருவது. இப்படி 09-ல் ஆரம்பித்தால் ‘800-க்கு’ என்று கேட்கவே வேண்டாம், அளவைச் சொல்லிக் கேளுங்கள். 800 என்றதும் “அதெல்லாம் இப்ப வர்றதில்லைங்க” என்று சொல்லும் அதே ஆள், 14 எம்எம் டிரெய்ன் வாஷர் என்று கேட்டால் டப்பாவைத் திறந்து நாலு எடுத்துப் போடுவார்.

ஜி.பி. ரோடு என்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகிறது. எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போகலாம். வண்டியை எடுத்துக்கொண்டு போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். இங்கே புதுச் சாமான் மட்டும்தான், அதுவும் மூன்று ரகமாக. முதல் ரகம் மாருதி பெட்டியில் ஹோலோகிராம் ஒட்டி வரும் கம்பெனி சாமான், சந்தையில் ‘எம்ஜிபி’ (மாருதி ஜெனுயின் பார்ட்ஸ்) என்பது இதைத்தான். இரண்டாவது, மாருதிக்கே சப்ளை செய்த கம்பெனி தன் சொந்தப் பெட்டியில் விற்பது. மூன்றாவது லோக்கல், அதாவது மாருதியோடு தொடர்பில்லாதவர்கள் செய்வது. நாங்கள் முதலில் கேட்பது இரண்டாவது ரகத்தைத்தான். மிகுனி தொழில்நுட்பத்தில் கார்புரேட்டர் செய்த யூகால் சென்னைக் கம்பெனி. லூகாஸ் டிவிஎஸ் பாடியில் இருக்கிறது. பிரேக்ஸ் இந்தியாவும் அங்கேதான், அவர்கள் சாமான் டிவிஎஸ் கர்லிங் பெயரில் வரும். பெல்ட்டும் ஆயில் சீலும் செய்யும் ஃபெனர் மதுரை. இந்த ரகம் சென்னையில் லேசாகக் கிடைப்பது நம் அதிர்ஷ்டம்.

இங்கே வாங்க வேண்டியவற்றில் தலையாயது ரப்பர். இதில்தான் மெக்கானிக்குகளே அதிகம் தடுக்கி விழுகிறார்கள். எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் ரப்பர் எல்லாம் ஒரே ரப்பர் இல்லை. பெட்ரோலும் ஆயிலும் படும் இடத்துக்கு நைட்ரைல். கூலன்ட் ஓடும் ஹோஸுக்கு ஈ.பி.டி.எம். அவசரத்துக்கு ஹீட்டர் ஹோஸில் ஒரு துண்டு வெட்டிப் பெட்ரோல் லைனில் மாட்டினால், சில நாளிலேயே உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். பிரேக் சிலிண்டருக்குள் வரும் ரப்பர் கப்பை பெட்ரோலில் கழுவினாலும், சாதாரண கிரீஸ் தடவினாலும் இதே கதைதான். கப் வீங்கி, பிரேக்கை விட்ட பிறகும் வீல் பிடித்துக்கொண்டே இருக்கும். பிரேக் ரப்பருக்கு பிரேக் ஆயிலைத் தவிர வேறு எதுவும் படக்கூடாது.

இப்போது எத்தனால் வேறு சேர்ந்துகொண்டது. 2023 பிப்ரவரியிலிருந்து படிப்படியாக வந்து, 2025-ல் பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. 800 வந்த காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. பெட்ரோல் ஹோஸ் முனையில் மெல்லிய வெடிப்பு விடும், பம்ப் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு விறைத்துப் போகும், கார்புரேட்டர் ஊசி வால்வின் ரப்பர் முனை உப்பும். ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்று இருந்தால் உள் அடுக்கு ஃப்ளூரோகார்பன், எத்தனாலைத் தாங்கும். கடையில் ‘வைட்டான் ஹோஸ்’ என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். விலை கூடத்தான், ஆனால் வேண்டியது மொத்தமே சில அடி. அச்சே இல்லாத மொட்டை ஹோஸை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அளவு எடுக்கும்போது பழைய ஹோஸின் ஓட்டையை அளக்காதீர்கள், அது விரிந்திருக்கும். ஹோஸ் போய் மாட்டும் குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள்.

பெட்ரோல் பம்ப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார்புரேட்டர் 800-ல் அது என்ஜின் ஓட்டத்திலேயே இயங்கும் மெக்கானிகல் பம்ப். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக என்ஜின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை, ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். அப்படி இருந்தால் பம்ப்போடு ஆயிலையும் மாற்றாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பம்ப்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் தடித்த இன்சுலேட்டர் ஒன்று வரும், புதுப் பம்ப் பெட்டியில் அது பல நேரம் இருக்காது. அதை விட்டுவிட்டோ, அதற்குப் பதில் ஒற்றைப் பேப்பர் கேஸ்கட் வைத்தோ மாட்டினால் பம்ப் லிவர் தள்ளும் தூரம் மாறிவிடும், சூடும் நேராக ஏறும். பழையதைச் சுத்தம் செய்து, விரிசல் இல்லை என்றால் அதையே போடுங்கள்.

கார்புரேட்டர் கிட் வாங்கப் போனால் கார்புரேட்டரையே பையில் போட்டு எடுத்துப் போவது உத்தமம். முடியாவிட்டால் மேல்மூடி, பக்கவாட்டு இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டைக் கடையிலேயே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று இடத்தில் கோளாறு வரும். மேல்மூடி கேஸ்கட்டில் ஏதாவது ஒரு சின்ன ஓட்டை சரியாகக் குத்தப்படாமல் இருக்கும், அதனால் ஐட்லிங் வழி அடைபட்டு வண்டி சிக்னலில் நின்று நின்று போகும். ஊசி வால்வின் அடியில் வரும் வாஷர் பழையதைவிடத் தடியாகவோ மெலிதாகவோ இருக்கும், மிதவை மட்டம் மாறிவிடும். ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் தடித்த முரட்டு ரப்பராக இருக்கும், மிதித்ததும் வண்டி ஒரு கணம் திணறும். அதனால் பழைய கேஸ்கட்டைச் சுரண்டித் தூக்கிப் போடும் முன் புதியதை அதன் மேல் வைத்து ஒவ்வொரு ஓட்டையாகச் சரிபாருங்கள். கிட்டில் புது ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துண்டு) இருந்தால் அதை மாட்டாமல் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். காருக்கும் வேனுக்கும் கேஸ்கட் ஒத்துப்போனாலும் ஜெட் அளவு ஒத்துப்போகும் என்று நிச்சயமில்லை. வண்டியோடு வந்த பித்தளை ஜெட்டைக் கழுவி, காற்றடித்து, திரும்ப மாட்டினால் போதும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

ஆயில் சீலில் குழப்பம் குறைவு. உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் அதன் முகத்திலேயே அச்சாகியிருக்கும். பழையதைத் துடைத்துப் படித்தாலே அளவு கிடைத்துவிடும். புதுசு மாட்டியும் கசிந்தால் சீலைத் திட்டாதீர்கள், ஷாஃப்டை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். பழைய சீலின் உதடு உரசிய இடத்தில் பள்ளம் இருந்தால் எந்தச் சீலும் நிற்காது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ தள்ளி அடிக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று இருந்தால் 0.9-தான் வாங்க வேண்டும். “1.1 போட்டுக்குங்க, கூலிங் நல்லா இருக்கும்” என்பார்கள். முப்பது வருஷ ஹோஸுக்கும் ரேடியேட்டருக்கும் கூடுதல் அழுத்தம் கொடுப்பதுதான் அதில் நடக்கும். தெர்மோஸ்டாட்டில் திறக்கும் சூடு தகட்டிலேயே குத்தியிருக்கும், பழையதில் உள்ள எண்ணையே கேளுங்கள். மாட்டும் முன் சுடுதண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. அதில் ஆடிக்கொண்டிருக்கும் குட்டி வால்வு மேல்பக்கம் வரும்படி வைத்தால் காற்று சிக்காது. தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று கழட்டி வீசும் பழக்கம் நம் ஊரில் அதிகம். வீசிய பிறகு வண்டி சூடாகவே மாட்டேன் என்கிறது, மைலேஜ் விழுந்தது என்று வேறு கடைக்குப் போவார்கள்.

போல்ட், நட் விஷயத்தில் தெருமுனை ஹார்டுவேர் கடை ஆபத்து. ஜப்பான் வழி வந்த வண்டியில் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.25 பிட்ச், அதாவது ஒரு த்ரெட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் 10 மில்லிமீட்டர் கேட்டால் வருவது 1.5. முதல் இரண்டு சுற்று ஒழுங்காகத்தான் ஏறும். பிறகு இறுகும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அலுமினியத் த்ரெட் மொத்தமும் பொடியாக வெளியே வரும். 6 மற்றும் 8 மில்லிமீட்டரில் இந்தத் தொல்லை இல்லை, பிட்ச் ஒன்றுதான். 8-ல் தலை மட்டும் மாறும். வண்டியில் 8 போல்ட்டுக்கு 12 நம்பர் ஸ்பேனர், கடை போல்ட்டுக்கு 13. வெறும் விரலால் நாலைந்து சுற்று ஏறாத எந்தப் போல்ட்டும் உங்களுடையது இல்லை. ஜி.பி. ரோட்டில் ‘ஃபைன் த்ரெட், ஹை டென்சில்’ என்று கேளுங்கள், தலையில் 8.8 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுப்பேட்டை அடுத்த உலகம். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து கூவத்தை நோக்கி நடந்தால் ஆதித்தனார் சாலையைச் சுற்றிய தெருக்களில் வண்டிகளை உடைத்துக் கதவு, சீட்டு, ஸ்டியரிங் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். கடைக்கு ஒரு வண்டி என்ற அளவுக்கு அவரவர்க்கு ஒரு தனித்துவம் உண்டு. இன்னோவா உடைப்பவரிடம் 800 கேட்டு நேரத்தை வீணாக்காமல், “மாருதி காரு யாருண்ணே உடைக்கிறாங்க?” என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் சில கடைகள் மூடியிருக்கும்.

கைப்பிடி கிளிப்புக்கு வருவோம். கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்கும் கதவு அட்டைக்கும் நடுவில், லாடம் மாதிரி வளைத்த கம்பி ஒன்று கைப்பிடியின் பள்ளத்தில் உட்கார்ந்து ஷாஃப்டைப் பிடித்திருக்கும். ஸ்குரு டிரைவரால் நெம்பினால் அட்டை கிழியும், கிளிப் எங்கே போய் விழுந்தது என்றே தெரியாது. கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி, கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தித் துணி ஒரு பட்டையைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு செருப்பு துடைப்பது போல மாறி மாறி இழுங்கள். துணி கிளிப்பின் முனையில் மாட்டி அதைத் தள்ளிக்கொண்டு வரும். இன்னொருவர் அந்தப் பக்கம் கையை வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும், அது பறக்கும் சாமான். திரும்ப மாட்டும்போது முதலில் கிளிப்பைக் கைப்பிடியில் செருகி, பிறகு கைப்பிடியை ஷாஃப்டில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. ‘டக்’ என்ற சத்தம் வந்தால் உட்கார்ந்தது.

புதுப்பேட்டையில் கைப்பிடியை எடுத்தால் உள்ளே பல் வரிசையை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். மேடு கூர்மையாகத் தெரிய வேண்டும். வழுவழுவென்று இருந்தால் ஒரு வாரத்தில் சும்மா சுற்றும். கிளிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். கடையில் நிச்சயம் ஒரு டப்பா இருக்கும், கையைவிட்டுத் துழாவி நாலைந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். 800-உடையதுதானா என்று கவலைப்பட வேண்டாம். கைப்பிடியின் பள்ளத்தில் ஆடாமல் உட்கார்ந்தால் எந்த வண்டியுடையதும் வேலை செய்யும்.

கதவு அட்டையைத் தகட்டோடு பிடிக்கும் டோர் பேட் கிளிப் மட்டும் கழட்டினது வேண்டாம். ஒருமுறை பிடுங்கினாலே அதன் கால் தளர்ந்துவிடும். ஜி.பி. ரோட்டில் ஆக்சசரி கடைகளில் பாக்கெட்டாகப் புதுசு கிடைக்கும். கதவுத் தகட்டின் ஓட்டை விட்டம், தலையின் அகலம், கால் நீளம் மூன்றையும் அளந்து போங்கள். ஒரு சாதாரண வெர்னியர் போதும். புதுக் கிளிப்பும் மறு மழைக்காலத்தில் கழன்றால் குற்றம் கிளிப்பில் இல்லை. அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருந்த பாலிதீன் ஷீட் கிழிந்து, கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் அட்டையில் பட்டு, அது ஊறி உப்பி, கிளிப் நிற்கும் ஓட்டையே பிய்ந்திருக்கும். தடித்த பாலிதீனை வெட்டி ஓரம் முழுக்கப் பிசின் டேப்பால் ஒட்டாமல் கிளிப் வாங்குவது வீண் செலவு.

பூட்டுகளைத் தனித்தனியாக வாங்காதீர்கள். உடைத்த ஒரே வண்டியின் இக்னிஷன், இரண்டு முன்கதவு, டிக்கி, சாவியோடு முழு செட்டாகக் கேளுங்கள். ஒரு கதவுக்கு மட்டும் வாங்கினால் சாவி வளையத்தில் இன்னொரு சாவி சேரும். அல்லது சாவிக்காரரிடம் கொடுத்து உள்ளே உள்ள தகடுகளை உங்கள் சாவிக்குத் தகுந்தபடி மாற்றி அடுக்கச் சொல்ல வேண்டும், நல்ல கைக்காரர்கள் செய்து தருவார்கள்.

காம்பினேஷன் ஸ்விட்ச், அதாவது இண்டிகேட்டரும் ஹெட்லைட்டும் இயக்கும் தண்டு, புதுப்பேட்டையில் வாங்கத் தக்கது. லோக்கல் புதுசில் உள்ளே உள்ள பித்தளை மெலிது. கழட்டினதை எடுத்தால் முதலில் கனெக்டரைப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகிச் சுருங்கியிருந்தால், அந்த வண்டியில் ரிலே போடாமல் பெரிய வாட் பல்பு எரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், கீழே வைத்துவிடுங்கள். ஸ்டியரிங் நேராகத் திரும்பும்போது இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் பிளாஸ்டிக் முனை உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வைப்பர் மோட்டார், வாஷர் மோட்டார் போன்றவற்றைக் கடையில் இருக்கும் பேட்டரியில் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். மின்சாமான் ஒருமுறை கடையை விட்டுப் போனால் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பது இரண்டு சந்தைக்கும் பொது விதி.

ஆல்டர்னேட்டருக்கும் ஸ்டார்ட்டருக்கும் கார்பன் பிரஷ் வாங்கும் முன் உடம்பில் உள்ள பெயர்ப் பட்டையைப் பாருங்கள். லூகாஸ் டிவிஎஸ், டென்சோ இரண்டும் வந்திருக்கின்றன, ஒன்றின் பிரஷ் மற்றதில் உட்காராது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் இரண்டுக்கும் இதே விதி. ஸ்பீடோமீட்டர் முள் ஆடினால் மீட்டரை வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் கேபிள்தான். உள்கம்பியை உருவி வழவழப்பான தரையில் உருட்டிப் பாருங்கள், நெளிந்து துள்ளினால் மடிப்பு விழுந்தது. முள் அசையவே இல்லை என்றால் கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் பினியனைப் பாருங்கள். பல்லை எண்ணி, அதே எண்ணிக்கையில்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் மீட்டர் பொய் சொல்லும்.

மாருதி கம்பெனியின் சாமான் கவுன்டரைப் பற்றிக் கொஞ்சம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் கேட்டலாக்கில் சரியான பார்ட் நம்பரை எடுத்துவிடுவார்கள், நமக்கு வேண்டியது முக்கியமாக அதுதான். பழைய நம்பர் நிறுத்தப்பட்டு வேறு நம்பராக மாறியிருந்தால் அதுவும் அங்கேதான் தெரியும். ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் வரும் என்பார்கள். முன்பணம் கேட்கலாம். சின்ன சாமானுக்கு அங்கே ஆர்வம் குறைவுதான், ஆனால் டிரெய்ன் வாஷர், ஓ-ரிங், இன்டேக் கேஸ்கட் போன்றவற்றில் கம்பெனி விலைக்கும் லோக்கல் விலைக்கும் இருக்கும் வித்தியாசம் டீ காசுதான், அவற்றை அங்கேயே வாங்கிவிடலாம். ஆன்லைனில் பார்ட் நம்பரைப் போட்டுத் தேடுங்கள், ‘மாருதி 800 கிளிப்’ என்று தேடாதீர்கள். படம் உதாரணத்துக்கு மட்டும் என்று மூலையில் எழுதியிருந்தால் படத்தை நம்ப வேண்டாம். கிளிப்பைவிடக் கூரியர் செலவு அதிகமாக வரும், பத்துச் சாமான் சேர்ந்த பிறகு ஒரே ஆர்டராகப் போடுங்கள்.

விலை விஷயத்தில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டிச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமாக இருந்தவை பல. பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட பெட்டி இன்னும் அலமாரிகளில் உண்டு, பில் போடும்போது புது விகிதம்தானா என்று பாருங்கள். பில் வாங்குவது திருப்பிக் கொடுக்க மட்டுமில்லை, பெட்டிக்குள் இருப்பது பெட்டியில் எழுதியதுதானா என்று கடைக்காரர் தானே ஒருமுறை பார்க்க வைக்கும்.

பிரேக்குக்குக் கடைசியாக வருகிறோம், அங்கே பேரமே இல்லை. பின் வீல் சிலிண்டரின் உடம்பில் 5/8, 11/16 என்பது போல அளவு வார்க்கப்பட்டிருக்கும். அதைப் படித்து, அதே அளவில் இரண்டு பக்கத்துக்கும் ஜோடியாக, புதுசு வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினாலோ, அளவு மாறினாலோ வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உள்ளே வரும் ரப்பர் கிட் மட்டும் போடலாமா என்றால், சிலிண்டரைக் கழட்டி உள்சுவரைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல இருந்தால் கிட் போதும். புள்ளி புள்ளியாகத் துருக்குழி தெரிந்தால் கப் எத்தனை மாற்றினாலும் கசியும்.

15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏறியது, 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. அதுவும் ஐந்து வருஷத்துக்குத்தான். அவ்வளவு கட்டிவிட்டு ஆர்.டி.ஓ. மைதானத்தில் நம்பர் பிளேட் விளக்கு எரியாததற்கோ, வைப்பர் பாதியில் நின்றதற்கோ திருப்பி அனுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். போவதற்கு முன் வாரம் பல்பு ஹோல்டர், வைப்பர் லிங்க் புஷ், ஹார்ன் ரிலே, பின்விளக்கு லென்ஸ், ரிஃப்ளெக்டர் என்று ஒரு சுற்றுப் பார்த்து ஒரே பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். காலையில் புதுப்பேட்டையில் லென்ஸும் ஹோல்டரும் எடுத்துவிட்டு, அங்கே கிடைக்காத மீதியோடு மதியத்துக்கு மேல் ஜி.பி. ரோடு. கழட்டின சாமானை வீட்டில் வைத்துவிட்டு மட்டும் கிளம்பாதீர்கள்.